பெட்டி பதினொன்று, சர்வர் பதினான்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து எனக்கு அனுப்பியிருந்த கேள்வியைப் படித்தேன். "டேட்டா வேர்ஹவுஸுக்கு எந்த டேட்டாபேஸ் நல்லது மேடம்? நீங்கள் அந்தக் காலத்திலேயே இரண்டை ஒப்பிட்டுப் பார்த்தவராமே?"

பார்த்தது உண்மைதான். ஆனால் நான் பார்த்த இரண்டும் இன்று அந்த உருவத்தில் இல்லை. அதனால் எது நல்லது என்று சொல்லிப் பயனில்லை. அந்த ஒப்பீட்டில் நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன், யாரைச் சந்தேகப்படாமல் விட்டேன் என்பதைச் சொல்கிறேன். அது உங்களுக்கு நாளைக்கே உதவலாம்.

திண்டிவனத்தை ஒட்டியிருந்த மாட்டுத் தீவன மில்லில் தொண்ணூற்று மூன்றில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தேன். வானூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். முதல் மாதமே, பிரிண்டரில் வந்த ஒரு எண்ணை அப்படியே நம்பி ஒரு லாரித் தீவனத்தைத் தப்பான டிப்போவுக்கு அனுப்ப வைத்துவிட்டேன். அன்று வாங்கிய திட்டுக்குப் பிறகு, கம்ப்யூட்டர் எதைக் காட்டினாலும் "அப்படியா, எங்கே இன்னொரு தடவை காட்டு" என்று கேட்பது என் சுபாவமாகவே ஆகிவிட்டது. அந்தச் சுபாவத்தாலேயே படிப்படியாக மேலே வந்து, பதினைந்து வருடத்துக்குள் டேட்டா பிரிவுக்குப் பொறுப்பாளரும் ஆனேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அப்போது கம்பெனிக்கு எட்டு டிப்போக்கள் இருந்தன. ஒவ்வொரு டிப்போவும் தன் கணக்கைத் தனித்தனியாக வைத்திருந்தது. எந்தக் கிராமத்து ஏஜென்டுக்கு எந்த மூட்டை, எந்த பேட்ச் எண்ணோடு போனது என்பதை எல்லா டிப்போவுக்கும் சேர்த்துப் பார்க்க வழியே இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, வருடக்கணக்கான விவரத்தின் மேல் கேள்வி கேட்க ஒரு டேட்டா வேர்ஹவுஸ் வேண்டும் என்று எம்.டி. முடிவு செய்தார். கடைசிச் சுற்றுக்கு இரண்டு நிறுவனங்கள் வந்தன. ஒன்று, தன் டேட்டாபேஸோடு தனி மெஷினையே கொண்டுவந்து இறக்கியது. கறுப்பாக, பீரோ உயரத்தில் இருக்கும். நாங்கள் அதைப் "பெட்டி" என்போம். இன்னொன்று, எங்களிடம் ஏற்கெனவே இருந்த சர்வரிலேயே ஓடக்கூடிய டேட்டாபேஸ். அதை வெறுமனே "சர்வர்" என்போம். இரண்டும் மூன்று மாதச் சோதனைக்காகத் திண்டிவனம் மில்லில் அருகருகே நின்றன.

விழுப்புரம் தலைமை அலுவலகத்தில் பெட்டிக்காரர்கள் ஒரு டெமோ வைத்தார்கள். விற்பனையாளரே ஒரு கேள்வியைக் கேட்டார், கோடையில் எந்தக் கிராமத்தில் எந்தத் தீவனம் அதிகம் போகிறது என்று. மூன்று விநாடியில் விடை வந்தது. எம்.டி. நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்வருக்கு அதே கேள்விக்கு நாலு நிமிடம் ஆகியிருந்தது.

நான் எழுந்து, "திண்டிவனத்துக்கு போன் போட்டு அந்தப் பெட்டியை ஒரு தடவ அணைச்சுப் போடச் சொல்லுங்க. அப்புறம் இதே கேள்விய கேளுங்க" என்றேன்.

அணைத்துப் போட்டுக் கேட்டபோது நாற்பது விநாடி ஆனது. அவர்களுடைய இன்ஜினியர் சிரித்து மழுப்பினார். "காலைல ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன் மேடம். விடை மெமரியிலயே இருந்துடுச்சு."

நாற்பது விநாடி என்பதும் சர்வரைவிட எவ்வளவோ வேகம்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து பெட்டியின் பக்கம் இருந்த எதையும் நான் நம்பவில்லை. டெமோ காட்டுகிறவரே கேள்வியையும் கேட்டால் சந்தேகப்படுங்கள். அதுவரைக்கும் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனிமேல்தான் அருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருள் என் பிரிவில் இருந்த இளைஞன். ஒலக்கூர்ப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்தவன். அவன் அம்மா கூலி வேலைக்குப் போய், ஒரு மாட்டையும் வைத்துக்கொண்டு, அவனையும் தங்கையையும் படிக்க வைத்தவர். இரண்டு டேட்டாபேஸையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட ஒரு தாள் தயாரித்திருந்தோம். வேகம், பழுதானால் மீட்பது, கற்றுக்கொள்ள எளிமை என்று எல்லாக் கட்டத்தையும் அருள் நிரப்பியிருந்தான். "உங்கள் பரிந்துரை" என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான்.

"இது ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டேன்.

"அத நான் எழுதக் கூடாது மேடம்" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் டீ குடிக்கும்போது பெட்டி விற்பனையாளர் பேச்சுவாக்கில், "அருள் சாரோட சிஸ்டர் எங்க சென்னை ஆபீஸ்லதானே இருக்காங்க" என்றார். எனக்குள் எல்லாம் சேர்ந்துகொண்டது. காலிக் கட்டம், வாயைத் திறக்காதது, பெட்டியை ஓட்டும்போது அவன் காட்டிய உற்சாகம். இவனை வைத்துத்தான் காய் நகர்த்துகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவனை அழைத்து நேராகக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்டால் உஷாராகிவிடுவான் என்று கேட்காமல் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், ஊர்ப் பட்டியல நீங்க சுத்தம் பண்ணி ஏத்துறீங்க இல்ல, அத நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

டிப்போக்களில் ஒரே ஊரின் பெயரை ஆறு விதமாக எழுதியிருப்பார்கள். வேர்ஹவுஸில் ஏற்றுவதற்கு முன் அவற்றை ஒன்றாக்க நான் ஒரு விதி எழுதியிருந்தேன். ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டுச் சொற்களை வெட்டிவிட்டு, ஒரே பெயராக மிஞ்சுவதை எல்லாம் ஒரே ஊராக்கி, முதலில் இருக்கும் ஏஜென்டின் பெயரையும் போன் நம்பரையும் வைத்துக்கொள்ளும் விதி. இரண்டு டேட்டாபேஸுக்கும் அந்தப் பட்டியல்தான் போனது. பட்டியலில் கைவைத்துப் பெட்டிக்குச் சாதகமாக ஏதாவது செய்யப் பார்க்கிறான் என்று எனக்குப் பட்டது.

"அது உனக்குத் தேவையில்ல. நான் பாத்தாச்சு" என்றேன். அவன் போனதும் அந்தக் கோப்பின் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை. காலை எட்டரைக்கு மில் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காலையில் தீவனம் தின்ற இரண்டு மாடுகள் வயிறு உப்பி, நடுங்கி, நுரை தள்ளி விழுந்திருந்தன. கால்நடை டாக்டர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு யூரியா என்று சொல்லியிருந்தார். தீவனத்தில் யூரியா துளியளவு சேர்ப்பது வழக்கம்தான். ஒரு ஷிஃப்டில் கலவை மெஷின் சரியாகக் கலக்காமல், சில மூட்டைகளில் அது கட்டியாகச் சேர்ந்துவிட்டது. அந்த ஷிஃப்டின் பேட்ச் எண் கையில் இருந்தது. அது எந்தெந்த ஊருக்குப் போனது என்பதுதான் தெரியவில்லை.

எம்.டி. விழுப்புரத்திலிருந்து போனில் கத்தினார். "ரெண்டு மிஷின வச்சுக்கினு மூணு மாசமா ஒப்பிட்டுப் பாக்குறீங்களே, எதையாவது கேட்டுச் சொல்லுங்கம்மா! சாயங்காலம் பால் கறக்குறப்ப எல்லாரும் தீவனம் வப்பாங்க. அதுக்குள்ள சொல்லணும்."

மூன்று மணிக்கெல்லாம் கறவை தொடங்கிவிடும். எங்களுக்கு ஆறு மணி நேரம் இருந்தது.

இரண்டிலும் ஒரே கேள்வியைப் போட்டோம். பெட்டி, விநாடிகளில், பதினொரு ஊர் என்றது. சர்வர் ஐந்து நிமிடம் எடுத்துப் பதினான்கு என்றது.

அறையில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அருளைப் பார்த்தேன்.

அந்த மூன்று ஊர் எங்கே போனது என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது. மரக்காணம் பக்க டிப்போவில் தேதியை மாற்றி எழுதும் பழக்கம். மாதத்தை முன்னால் போட்டு நாளைப் பின்னால் போடுவார்கள். தேதி புரியாத வரிகளைப் பெட்டி ஏற்காமல் தனிக் கோப்பு ஒன்றில் தள்ளிவிட்டிருந்தது. தள்ளுகிற வரிகள் அதிகமானால் ஏற்றுவதை நிறுத்திவிடும்படி ஒரு வரம்பு உண்டு. டெமோ நடுவில் நின்றுவிடக் கூடாதென்று அவர்களுடைய இன்ஜினியர் அதை உயர்த்தி வைத்திருந்தார். அந்தக் கோப்பை யாரும் திறந்து பார்க்கவே இல்லை.

"பாத்தீங்களா? வேகம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுதா?" என்று சத்தமாகச் சொன்னேன். மாடுகள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். என் சந்தேகம் ஜெயித்துவிட்டது. பெட்டி தவறு என்றால் சர்வர் சரி. பதினான்குதான் விடை. இரண்டு விடைகள் வேறுபட்டால் அதில் ஒன்று சரியாக இருக்கும் என்று மனம் தானாக எடுத்துக்கொள்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது.

பதினான்கு ஏஜென்டுகளுக்கும் போன் போட்டோம். பன்னிரண்டு பேர் பதறிப்போய், மூட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். இரண்டு பேர் மட்டும் மறுத்தார்கள். அதில் ஒருவர் ஒலக்கூருக்குத் தெற்கே இருந்த ஊரின் ஏஜென்ட்.

"அந்த நம்பர் மூட்ட எனக்கு வரவே இல்லீங்க" என்றார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க. இங்க உங்க பேருல இருக்கு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். குடோன்ல நின்னுக்கினுதான் பேசறேன். எனக்கு வந்ததெல்லாம் வேற நம்பரு."

போனை வைத்ததும், "பொய் சொல்றாங்க. வித்துத் தீத்திருப்பாங்க. மாடு செத்தா தலைமேல வரும்னு பயப்படுறாங்க" என்றேன்.

அருள் மெதுவாகச் சொன்னான். "அவங்க சொல்றது நெஜமா இருந்தா மேடம்? அந்த ஊர்ப் பட்டியல மட்டும் தொறங்க. ஒரு தடவ பாத்துடலாம்."

அதுவரை அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "பட்டியல் மேலயே ஏன்பா கண்ணா இருக்கிற? பெட்டி தப்பு பண்ணிடுச்சுன்னு ஆனதும் என் பட்டியல்ல குத்தம் கண்டுபிடிக்கணுமா? உன் தங்கச்சி அந்தக் கம்பெனியிலதான இருக்குது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். அருளின் முகம் மாறியது. ஆனால் குரல் மாறவில்லை.

"அத அப்புறம் பேசிக்கலாம் மேடம். மணி பதினொன்னரை ஆவுது. மொதல்ல பட்டியலத் தொறங்க."

நான் திறக்கவில்லை. மறுத்த இரண்டு ஏஜென்டுகளுக்கும் மறுபடி போன் போட்டு, கேஸ் ஆகும், ஏஜென்சி போய்விடும் என்று மிரட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் திரும்பிப் பார்த்தபோது அருள் இல்லை. வெளியே அவன் பைக் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. பெட்டிக்காரர்களுக்குச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் பெண்கள் கூச்சல் கேட்டது.

"மேடம், ஒலக்கூருக்குத் தெக்க இருக்கிற ஊர் ஏஜென்ட் மறுத்தாரு இல்ல, அந்த ஊர்க் காலனியில இருக்கிறேன். மூட்ட இங்கதான் இருக்குது. அதே நம்பரு. நாலு மாடு படுத்துடுச்சு. டாக்டர ஜல்தியா அனுப்புங்க. கடையில இருக்கிற வினிகர் எல்லாத்தையும் வாங்கிக் குடுத்து அனுப்புங்க."

"பட்டியல்ல அந்த ஊர் ஏஜென்ட் பேருதான இருக்கு?"

"காலனிக்கு வேற ஏஜென்ட் மேடம். ஊர் வேற, காலனி வேற. பட்டியல் நீங்க போட்டது."

அப்போதுதான் கோப்பைத் திறந்தேன். நான் வெட்டச் சொன்ன ஒட்டுச் சொற்களில் மூன்றாவதாக இருந்தது "காலனி". மறுத்த இன்னொரு ஏஜென்டின் ஊரிலும் அதேதான் நடந்திருந்தது. அந்த இரண்டாவது ஊர்க் காலனியின் ஏஜென்டை அருள் அறிந்திருந்ததால் வழியிலேயே போன் போட்டு மூட்டையைப் பிரிக்காமல் நிறுத்தியிருந்தான். அங்கே ஒன்றும் ஆகவில்லை.

நான் வானூரில் ஊர்த் தெருவில் பிறந்தவள். காலனி தனியாக இருக்கும், கடை தனி, பால்காரர் தனி, ஏஜென்டும் தனி என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும், விதி எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தது கண்ணை உறுத்தியது, வெட்டிவிட்டேன். பெட்டியும் சர்வரும் எத்தனையோ விஷயத்தில் வேறுபட்டன. இந்தத் தவறில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருந்தன. இரண்டுக்கும் அதை ஊட்டியது நான்.

டாக்டர் போய், யூரியாவை முறிக்க வினிகரையும் குளிர்ந்த தண்ணீரையும் கலந்து ஊற்றி மூன்று மாடுகளைக் காப்பாற்றினார். நாலாவது, பாக்கியம் என்பவருடைய சினை மாடு, பிழைக்கவில்லை. மற்றவர்கள் காலையில் வைத்த தீவனத்தைத் தின்று அவர்களுடைய மாடுகள் தடுமாறிக்கொண்டிருந்தன. பாக்கியத்தின் மாடு காலையில் நன்றாகத்தான் இருந்தது. சினை மாடு என்பதால் மதியமும் ஒரு படி வைப்பாராம். களை எடுக்கப் போனவர் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, பக்கத்தில் நடப்பது தெரியாமல் புது மூட்டையைப் பிரித்து வைத்திருக்கிறார். அருள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது தொட்டி காலியாகியிருந்தது. நான் பதினொன்றரைக்குக் கோப்பைத் திறந்திருந்தால், ஒரு போனில் அந்த மாடு பிழைத்திருக்கும்.

மறுநாள் அருளோடு அங்கே போனேன். பாக்கியத்துக்கு என் வயதுதான் இருக்கும். வாசலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் போன் வந்துச்சாமே மேடம். எங்களுக்கு ஏன் வரல?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் தவறு என்று சொல்லச் சொல்லி எம்.டி. அனுப்பியிருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். "பட்டியல்லேருந்து உங்க காலனிய நான் எடுத்துட்டேன்மா."

"எதுக்கு எடுத்தீங்க?"

"ஒரே பேரு ரெண்டு தடவ வருதுன்னு நெனச்சுட்டேன்."

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "ரெண்டு தடவ வந்தா இன்னா மேடம்? ரெண்டு எடத்துலதான இருக்கிறோம்?"

கம்பெனி அவருக்கு வேறு மாடு வாங்கிக் கொடுத்தது.

அதே வாரம் விழுப்புரத்துக்குப் போய் எம்.டி.யிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அருளைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்து. அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஒப்பீடு தொடங்கிய முதல் நாளே அருள் எழுதிக் கொடுத்தது. தன் தங்கை அந்த நிறுவனத்தின் சென்னை அலுவலகத்தில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள், அதனால் எதை வாங்குவது என்ற முடிவில் தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று இரண்டு வரி.

"உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்மா" என்றார் எம்.டி.

எதை வாங்கினோம் என்று கேட்பீர்கள். பெட்டியைத்தான் வாங்கினோம். அருள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பரிந்துரையை நான்தான் எழுதினேன். காரணம் வேகம் இல்லை. தான் ஏற்காத ஒவ்வொரு வரியையும் பெட்டி ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தது, பார்க்காதது நாங்கள். நான் எடுத்துவிட்டவற்றுக்கு எங்கேயும் ஒரு தடயம்கூட இல்லை. அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எந்த டேட்டாபேஸைச் சோதித்தாலும் எவ்வளவு வேகம் என்று கேட்பதற்கு முன்னால், எதையெல்லாம் வெளியே தள்ளினாய் என்று கேட்க வேண்டும். அதே கேள்வியைச் சுத்தம் செய்தவரிடமும் கேட்க வேண்டும். சுத்தம் செய்தவரே தன் பட்டியலைச் சரிபார்க்கக் கூடாது. அந்த ஊரை நேரில் அறிந்த ஒருவர்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். இந்தத் தொழிலில் அது இல்லாமல் முடியாது. ஆனால் சந்தேகம் ஒருவர் மேல் வந்தால் அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். எண்ணின் மேல் வந்தால் முதலில் உங்கள் கை பட்ட இடத்தைத் திறந்து பாருங்கள். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன்.

அருளிடம் மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும் திட்டியதால் எல்லார் முன்னாலும்தான் கேட்டேன். "பரவால்ல மேடம், விடுங்க" என்றான். அதற்குப் பிறகு ஏழு வருடம், நான் ஓய்வு பெறும் வரை, என் கீழேதான் வேலை பார்த்தான். மரியாதையில் ஒரு குறையும் வைத்ததில்லை. என் மகள் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆனால் என்னிடம் இருக்கும் எந்தக் கோப்பைப் பார்க்க வேண்டுமானாலும், இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும், ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் பார்ப்பான். "பாக்கட்டுமா மேடம்" என்று வாயால் ஒரு தடவைகூட அவன் அப்புறம் கேட்டதே இல்லை.